அலமாரியில் ரசனை, வரப்பில் குடி

சிங்கிள் மால்ட் விஸ்கி பாட்டில்களைச் சேகரிப்பவர்களைப் பற்றி எழுத இந்தத் தளத்தில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குடியைப் பற்றி நாம் பேசினால் கள்ளக்குறிச்சியைப் பேசுவோம், டாஸ்மாக் கடையை மூடச் சொல்லித் தெருவுக்கு வரும் பெண்களைப் பேசுவோம். ஆனால் சில ஆண்டுகளாகத் தமிழில் குடியைப் பற்றி இன்னொரு பேச்சு வளர்ந்துகொண்டிருக்கிறது. புதிதாக வாங்கிய பாட்டிலை கேமரா முன்னால் வைத்து, அட்டைப்பெட்டியைப் பிரித்து, இது எந்த மரப்பீப்பாயில் எத்தனை ஆண்டு இருந்தது, இதன் மணத்தில் உலர்திராட்சை தெரிகிறதா, புகை தெரிகிறதா என்று விளக்கும் பேச்சு. அதைக் கேட்பவர்களில் நம் கல்லூரி மாணவர்களும் உண்டு. அந்தப் பேச்சில் குடி என்ற சொல் வருவதே இல்லை. அதுதான் என்னை எழுத வைத்தது.

ஒரே பொருள் ஒருவர் கையில் ரசனையாகவும் இன்னொருவர் கையில் ஒழுக்கக்கேடாகவும் மாறுவது எப்படி? இந்தக் கேள்விக்குச் சாதியைத் தொடாமல் விடை சொல்ல முடியாது.

முதலில் அந்த உலகத்தைக் கொஞ்சம் அறிந்துகொள்வோம். கேலி செய்துவிட்டுக் கடந்துபோவது எளிது. ஆனால் அதற்குள் உண்மையான அறிவும் உழைப்பும் இருக்கின்றன.

சிங்கிள் மால்ட் என்றால் ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி. சேகரிப்பவர் பாட்டிலை எடுத்ததும் பார்ப்பது நான்கைந்து விஷயங்கள்: எத்தனை ஆண்டு பீப்பாயில் இருந்தது, அந்தப் பீப்பாய் முன்பு அமெரிக்க போர்பன் வைத்ததா, ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி வைத்ததா, தண்ணீர் கலக்காமல் பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே அடைத்ததா, மொத்தம் எத்தனை பாட்டில் வெளியிட்டார்கள், அதில் இது எத்தனையாவது. எண் குறைவாக இருந்தால் மதிப்பு கூடும். சிலர் இரண்டு வாங்குவார்கள், ஒன்று குடிக்க, ஒன்று திறக்காமல் வைக்க. மக்கல்லன் நிறுவனம் 1926ஆம் ஆண்டில் வடித்த விஸ்கியை ஒரே பீப்பாயிலிருந்து 40 பாட்டில்களில் அடைத்தது. அவற்றில் ஒன்று 2023 நவம்பரில் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் சுமார் 21.9 லட்சம் பவுண்டுக்குப் போனது. நம் பணத்தில் 20 கோடி ரூபாய்க்கு மேல். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அந்தக் கூலியில் ஒருவர் ஒருநாள் விடாமல் வேலை செய்து, ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் சேர்த்தால், அந்த ஒரு பாட்டிலை வாங்க 1,600 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இந்திய சிங்கிள் மால்ட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1948இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட அம்ருத் நிறுவனம், 2004இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே தன் மால்ட்டை அறிமுகம் செய்தது. 2010இல் விமர்சகர் ஜிம் மர்ரேயின் கையேடு அம்ருத் ஃப்யூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்றது. பிறகு கோவாவிலிருந்து பால் ஜான், உத்தரப் பிரதேசத்திலிருந்து ராம்பூர், ஹரியானாவிலிருந்து இந்திரி வந்தன. இந்திரி நிறுவனம் தீபாவளிக்காக வெளியிட்ட ‘கலெக்டர்ஸ் எடிஷன்’ 2023இல் அமெரிக்கப் போட்டி ஒன்றில் முதலிடம் பெற்றது. சேகரிப்பவருக்கென்றே பெயர் வைத்துப் பாட்டில் விற்கும் காலம் இது.

மரப்பீப்பாயில் இருக்கும் விஸ்கி ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகிப் போகும். அதை ‘தேவதைகளின் பங்கு’ என்பார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் அது ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு. நம் வெயிலில் 10 விழுக்காட்டுக்கும் மேல். அதனால்தான் இந்திய மால்ட்டை நெடுங்காலம் வைக்க முடிவதில்லை, சீக்கிரம் முதிர்ந்துவிடும். காற்றோடு போகும் பங்குக்குக்கூட அழகான பெயர் வைத்துக் கணக்கு எழுதும் தொழில் இது. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேரை எரித்த மாவட்டத்துக்காரர்கள் நாம். அன்று ஒன்றாக இருந்த தஞ்சாவூர் மாவட்டம் அது. பங்கு என்ற சொல்லை அவ்வளவு எளிதாக நம்மால் கடந்துபோக முடியாது.

எங்கள் ஊர்ப் பக்கம்

திருக்காட்டுப்பள்ளியில் சிங்கிள் மால்ட் கடை கிடையாது. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற, கல்லணைக்குக் கிழக்கே நெல்லும் வாழையும் விளைகிற பேரூர் இது. ஆனால் நல்ல பாட்டில்கள் இந்தப் பக்கத்து வீடுகளுக்கும் வந்து சேர்கின்றன. வழி திருச்சி விமான நிலையம். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் விடுமுறைக்கு வருபவர் தீர்வையில்லாமல் இரண்டு லிட்டர் வரை கொண்டுவரலாம். அந்த இரண்டு லிட்டர் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். கடன் கொடுத்தவருக்கு, விசாவுக்கு உதவியவருக்கு, நிலம் வைத்திருக்கும் பெரிய வீட்டுக்கு. அங்கே கண்ணாடி அலமாரியில், கல்யாணப் படத்துக்கும் கோவில் கும்பாபிஷேகப் படத்துக்கும் நடுவில், பாட்டில் நிற்கும். வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, எத்தனை வருஷம் என்று கேட்பார்கள். வீட்டுக்காரரை யாரும் குடிகாரர் என்று சொல்வதில்லை.

இனி இன்னொரு பாட்டில். நடவுக்கோ வாழைத்தார் ஏற்றவோ போய்விட்டு வரும் நம் ஆள் டாஸ்மாக் கடைக் கம்பிக்கு வெளியே நிற்கிறார். அவர் ஆண்டையோ பீப்பாயையோ கேட்பதில்லை. விலையைச் சொல்லிக் கேட்கிறார். 2024 பிப்ரவரி விலை உயர்வுக்குப் பிறகு சாதாரண ரகக் குவார்ட்டர் 140 ரூபாய். அதற்கு மேல் 10 ரூபாய் வாங்குகிறார்கள் என்ற புகார் சட்டமன்றம் வரை போன பழைய கதை. காசு போதாவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து கட்டிங் போடுவார்கள். உள்ளே இருந்து எது வருகிறதோ அதுதான். பெரிய நகரங்களில் எலைட் கடை இருக்கிறது. குளிர்சாதன அறையில் அலமாரி அலமாரியாக நடந்து, பாட்டிலைக் கையில் எடுத்து, லேபிளைப் படித்துத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் நடத்துவது ஒரே அரசு நிறுவனம். ஒரு வாடிக்கையாளருக்கும் பாட்டிலுக்கும் நடுவில் விளக்கு வெளிச்சம். இன்னொருவருக்கும் பாட்டிலுக்கும் நடுவில் இரும்புக் கம்பி.

அந்தக் குவார்ட்டரில் இருப்பதும் வேறு. இந்தியாவில் விஸ்கி, பிராந்தி, ரம் என்று விற்கும் மலிவுச் சரக்கில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து எடுத்த சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது. மொலாசஸிலிருந்து வடித்ததை ஐரோப்பிய ஒன்றியம் விஸ்கி என்று விற்கவே அனுமதிப்பதில்லை. அந்த மொலாசஸ் வரும் வழியும் நம் மாவட்டத்தில் இருக்கிறது. பாபநாசம் வட்டம் திருமண்டங்குடியில் திருஆரூரான் சர்க்கரை ஆலை நொடித்துப்போய், கால்ஸ் என்ற மதுபான நிறுவனத்தின் கைக்கு மாறியது. கரும்புக்கான நிலுவைத் தொகையும், தங்கள் பெயரில் வங்கியில் வாங்கப்பட்ட கடனும் என்ன ஆயிற்று என்று கேட்டு விவசாயிகள் 2022 நவம்பரில் அங்கே போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கரும்பு போட்டவருக்கே இந்த நிலை. அதை வெட்டிக் கட்டுச் சுமந்தவர்களின் கணக்கு எந்தப் பேச்சுவார்த்தை மேசைக்கும் வரவில்லை.

குடித்து முடித்த பிறகும் பாட்டிலின் கதை முடிவதில்லை. பெரிய வீட்டில் காலி பாட்டிலும் அலமாரியிலேயே நிற்கும். சிலர் விளக்குச் சரம் போட்டு வைப்பார்கள். வாய்க்கால் கரையில் குடித்த பாட்டில் வரப்பில் உடைகிறது. தண்ணீர் கட்டிய வயலுக்குள் சில்லு கண்ணுக்குத் தெரியாது. செருப்பில்லாமல் இறங்குவது நடவுப் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று இந்தப் பக்கத்தில் எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். உடையாமல் கிடக்கும் பாட்டில்களை விடியற்காலையில் சாக்கில் பொறுக்கி, காயலான் கடையில் போடுவதும் நம் வயதான அம்மாக்களே. இவர்களும் பாட்டில் சேகரிப்பவர்கள்தான். இவர்களின் சேகரிப்பைப் பற்றி யாரும் காணொளி போடுவதில்லை. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் உயர் நீதிமன்றம் தலையிட்டு 2022இல் நீலகிரியில் தொடங்கியது. சுற்றுலா மலையில் யானையின் காலுக்காக வந்த அக்கறை, சேற்றில் நிற்கும் பெண்ணின் காலுக்காக முதலில் வரவில்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் யாரைப் பார்க்கிறது

சமூகவியல் படிப்பவர்களுக்கு பியர் பூர்தியூவைத் தெரிந்திருக்கும். 1979இல் பிரெஞ்சுச் சமூகத்தைப் பற்றி எழுதிய நூலில் அவர் சொன்னது, ரசனை என்பது பிறவியில் வருவதல்ல, வர்க்கம் தன்னை அடையாளம் காட்டும் வழி என்பது. இந்தியாவில் அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இங்கே உணவும் பானமும் வர்க்கத்துக்கு முன்பே சாதியின் அடையாளமாக இருந்தன. தாழ்ந்தவன் குடிப்பான், உயர்ந்தவன் குடிக்கமாட்டான் என்ற பொய்யின் மேல்தான் தூய்மை என்ற கட்டடமே நின்றது. உயர்ந்தவனும் குடிக்கிறான் என்பது வெளிப்படையாகிவிட்ட காலத்தில் அந்தப் பொய்க்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. நாங்கள் குடிப்பதில்லை, ருசிக்கிறோம் என்பதே அந்தத் திருத்தம்.

சட்டமும் இந்தத் திருத்தத்துக்கு ஒத்துழைக்கிறது. இத்தனை கடைகளை அரசே நடத்தும் தமிழ்நாட்டில் மதுவை ஆளும் சட்டத்தின் பெயர் இன்றும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. ராஜாஜி முதலில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்த ஆண்டின் சட்டம் அது. தனி ஒருவர் வீட்டில் எவ்வளவு மது வைத்திருக்கலாம் என்பதற்கு அதன் கீழ் உச்சவரம்பு விதி உண்டு. சமூக ஊடகத்தில் சுவர் முழுக்கப் பாட்டில் அடுக்கிப் படம் போடுபவர்களின் வீட்டை எண்ணிப் பார்க்க யாரும் போவதில்லை. கடை மூடிய நேரத்தில் பத்துக் குவார்ட்டரைப் பையில் வைத்து விற்றவர், காரைக்காலிலிருந்து விலை குறைவென்று சில பாட்டில்களைப் பேருந்தில் கொண்டுவந்தவர், இவர்களின் படம்தான் மறுநாள் செய்தித்தாளில் வருகிறது. சட்டம் ஒன்றுதான். அது எந்தத் தெருவுக்குள் நுழைகிறது, எந்தக் கதவைத் தட்டாமல் போகிறது என்பதில்தான் சாதி இருக்கிறது.

நம் வாயும் அவர்கள் குவளையும்

குடிக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு எப்போதாவது இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த டெல்டாவில் பண்ணையாளுக்குக் கொடுத்த தண்டனைகள் இரண்டு, சாட்டையடியும் சாணிப்பாலும். சாணியைக் கரைத்து மூங்கில் குழாயால் வாயில் ஊற்றுவார்கள். 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் செங்கொடியின் கீழ் பண்ணையாட்களைத் திரட்டிய பிறகுதான் அது நின்றது. ஊர்ப் பொதுக்கிணற்றுத் தண்ணீர் நமக்கு மறுக்கப்பட்டது. டீக்கடையில் இரட்டைக் குவளை வந்தது. விஸ்கி ரசிகர்கள் மணம் பிடிப்பதற்கென்றே துலிப் வடிவக் கண்ணாடிக் குவளை வைத்திருக்கிறார்கள். குவளையின் வடிவம் குடிப்பவனின் தகுதியைச் சொல்லும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை; கடைக்கு வெளியே கம்பியில் மாட்டிய அலுமினியக் குவளையில் அதைப் படித்தவர்கள் நாம். 2022 டிசம்பரில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்து மூன்றாம் பிரிவைப் படியுங்கள். குற்றங்களின் பட்டியலில் முதலில் வருவது, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவரின் வாயில் உண்ணத்தகாத, அருவருப்பான பொருளைத் திணிப்பதும், அதைக் குடிக்கவோ தின்னவோ கட்டாயப்படுத்துவதும். ஒரு நாட்டின் சட்டம் இப்படித் தொடங்க வேண்டியிருந்தது என்றால், நம் வாய்க்குள் என்ன போக வேண்டும் என்பதை மற்றவர்கள் எவ்வளவு காலம் முடிவு செய்திருக்கிறார்கள் என்று புரியும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததையும் இந்த வரிசையில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன். மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து 65க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் தினக்கூலிகள். தலித் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி அது. அப்போது பொதுவெளியில் பெரிதாகக் கேட்ட கேள்வி, குடித்துச் செத்தவனுக்கு எதற்கு 10 லட்சம் என்பது. யாரும் கேட்காத கேள்வி, டாஸ்மாக் குவார்ட்டர்கூட வாங்க முடியாத கூலியில் அந்த மனிதர்கள் ஏன் இருந்தார்கள் என்பது.

வருமானம் யாருக்கு, வயிறு யாருக்கு

டாஸ்மாக் 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பரில் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அதன்பின் எந்தக் கட்சி வந்தாலும் அதை விடவில்லை. மது விற்பனையில் அரசுக்கு வந்த வரி வருவாய் 2023-24இல் 45,855 கோடி ரூபாய். 2024-25இல் 48,344 கோடி. சிங்கிள் மால்ட் வாங்குபவர்கள் இந்தக் கணக்கை நிரப்பவில்லை. குவார்ட்டர் வாங்குபவர்கள்தான் நிரப்புகிறார்கள்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். மாதம் 1,000 ரூபாய் ஒரு பெண்ணின் கையில் நேரடியாக வருவது சிறிய விஷயமில்லை. 2024-25இல் அது சுமார் 1.15 கோடிப் பெண்களுக்கு ஏறத்தாழ 13,800 கோடியாக இருந்தது. மது வருவாய் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அதே வீட்டில் ஆண் மாதத்தில் 20 நாள் ஒரு குவார்ட்டர் குடித்தால் 2,800 ரூபாய். அம்மாவின் கணக்கில் வந்த ஆயிரத்தைப் போல இரண்டே முக்கால் பங்கு அப்பாவின் பையிலிருந்து அதே அரசிடம் திரும்புகிறது.

இதற்கு நடுவில், 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் ஸ்காட்ச் விஸ்கி மீதான இறக்குமதி வரி 150 விழுக்காட்டிலிருந்து முதலில் 75 ஆகவும், பத்து ஆண்டுகளில் 40 ஆகவும் குறையும் என்று முடிவாகியிருக்கிறது. சேகரிப்பவர்கள் மகிழ்ந்தார்கள். அவர்கள் பாட்டிலின் விலை குறைவதற்கு இரண்டு நாடுகள் பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசின. குவார்ட்டர் விலை ஏறுவதற்கு ஓர் அறிவிப்பு போதும்.

நாம் என்ன சொல்ல வேண்டும்

இந்த இடத்தில் நம் இளைஞர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கிறேன்.

ஒரு பக்கம் உபதேசம். குடிதான் சேரியைக் கெடுத்தது, குடியை விட்டால் முன்னேறிவிடலாம் என்பது. இதை நம் வாயால் சொல்லும்போது கூர்ந்து கேளுங்கள், பண்ணையார் குரல் உள்ளே கேட்கும். கூலி ஏன் குறைவு, நிலம் ஏன் இல்லை, அறுவடை இயந்திரம் வந்த பிறகு வேலை நாட்கள் ஏன் குறைந்தன என்ற கேள்விகளையெல்லாம் அந்த ஒரு வாக்கியம் விழுங்கிவிடும். குடியால் குடும்பங்கள் சிதைவது உண்மை. களப்பணியில் நான் உட்கார்ந்து பேசும் பெண்கள் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அவர்களுடைய அடிபட்ட கோபத்துக்கும் மேல்தெருவின் உபதேசத்துக்கும் இருக்கும் வேறுபாட்டை நாம் மறந்துவிடக் கூடாது. முன்னது வீட்டைக் காப்பாற்றக் கேட்கிறது. பின்னது நம்மைத் தாழ்ந்தவர் என்று மெய்ப்பிக்கப் பார்க்கிறது.

இன்னொரு பக்கம், நாமும் நல்ல பாட்டில் வாங்கினால் என்ன என்பது. படித்து, பெங்களூருவில் வேலைக்குப் போய், மேசையில் அம்ருத் வைத்திருக்கும் தலித் இளைஞரைப் பார்த்து ‘இவனுக்கு எதுக்கு இதெல்லாம்’ என்று யாராவது சொன்னால், அவர் பக்கம்தான் நான் நிற்பேன். அண்ணலின் கோட்டு சூட்டைப் பார்த்தும் இதைத்தான் சொன்னார்கள். நல்ல பொருளை வைத்துக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அது விடுதலை என்று யாரும் நம்ப வேண்டாம். அலமாரி நிறைந்தாலும், வாடகைக்கு வீடு கேட்கும்போது அவர் சாதியைக் கேட்பார்கள்.

இரண்டுக்கும் நடுவில் அண்ணல் அம்பேத்கரின் நிலைப்பாடு நமக்கு வழிகாட்டுகிறது. முதல் பொதுத் தேர்தலுக்காக 1951இல் அவரது பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கை அரசு மதுவிலக்கை எதிர்த்தது. கல்விக்குப் போக வேண்டிய வருவாய் போகும், வீட்டுக்கு வீடு கள்ளச்சாராயம் பெருகும் என்ற கவலை அதில் இருந்தது. அதே அண்ணல் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் ஏற்றபோது மக்களோடு எடுத்த 22 உறுதிமொழிகளில் ஒன்று, மது அருந்தமாட்டேன் என்பது. இதில் முரண்பாடு இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான், முடிவு செய்வது யார்? போலீஸை வைத்து மேலிருந்து பிடுங்கினால் அது இன்னொரு ஒடுக்குமுறை. தன்மதிப்போடு எழுந்து நின்று நானே வேண்டாம் என்று சொன்னால் அது விடுதலை. சேகரிப்பவர் அனுபவிப்பது அந்தத் தேர்வைத்தான். வாங்கலாம், வாங்காமல் போகலாம், வாங்கித் திறக்காமலும் வைக்கலாம். வேண்டாம் என்று சொல்ல முடிகிற நிலைமை நம் மக்களுக்கு வேண்டும். அதற்குக் கூலி வேண்டும், ஓய்வு வேண்டும், வலி தீர மருத்துவம் வேண்டும், மாலையில் போய் உட்கார ஓர் இடம் வேண்டும்.

இன்னொன்று. ‘டாஸ்மாக்கில் சாதி இல்லை, அதுதான் உண்மையான சமத்துவபுரம்’ என்று ஒரு நகைச்சுவை சுற்றுகிறது. சிரித்துவிட்டு அதை நம்பிவிடாதீர்கள். ஒரே பெஞ்சில் குடித்தவர்களுக்குள் தகராறு வந்தால் முதலில் வாயில் வருவது சாதிப் பெயர்தான். அடித்தவர்மேல் வன்கொடுமைச் சட்டத்தில் புகார் கொடுக்கப் போனால், ‘குடிபோதையில் தகராறு’ என்று எழுதி முடிக்கப் பார்ப்பார்கள். அந்த இரண்டு சொற்களில் சாதி காணாமல் போகிறது. தானே விரும்பிக் குடித்தவன் போதையைக் காட்டித் தப்பிக்க முடியாது என்பதுதான் குற்றவியல் சட்டத்தின் பொது நிலை. காவல் நிலையத்துக்குத் துணைபோகும் தோழர்கள் இதை மனதில் வையுங்கள். முதல் தகவல் அறிக்கையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டியது எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேலையும் தருகிறேன். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. கடைகள் உள்ளே நகர்ந்தன. எதிர்த்த பெண்கள் அடி வாங்கினார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஒரு பெண்ணைக் காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. ஊர்த் தெருவின் எதிர்ப்புக்கு மதிப்பு இருந்தது. அங்கே வேண்டாம் என்று விரட்டிய கடை வயலோரம், சுடுகாட்டுப் பாதை, சேரிக்குப் போகும் வழி என்று போய் நின்றதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். இதைப் புலம்பலாக இல்லாமல் கணக்காக மாற்றுங்கள். ஒரு தாளில் உங்கள் ஊரின் படத்தை வரையுங்கள். கடை எங்கே, கோவில் எங்கே, பள்ளி எங்கே, நம் தெரு எங்கே என்று குறியுங்கள். காலடியால் அளந்து தூரத்தை எழுதுங்கள். 2016க்கு முன்னால் அந்தக் கடை எங்கே இருந்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இடத்தைத் தேர்வு செய்தது யார், யாருடைய நிலம், என்ன வாடகை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ஊரின் படம் கைக்கு வந்தால் அதைக் கிராம சபையில் வைத்துப் பேசலாம், நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகலாம்.

அதோடு மூன்று கோரிக்கைகள். கடைக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பாதையில் நடக்கும் பெண்களின் ஒப்புதல் வேண்டும், நம் தெருப் பெண்களின் ஒப்புதல் கட்டாயம். மது வருவாயில் ஒரு நிலையான பங்கு, ஒவ்வொரு வட்ட அரசு மருத்துவமனையிலும் படுக்கையோடு கூடிய குடிமீட்புச் சிகிச்சைக்குப் போக வேண்டும். பூதலூர் வட்டத்துக் கூலித் தொழிலாளி அதற்காகக் கூலியை விட்டுத் தஞ்சாவூருக்கு அலைய வேண்டியதில்லை. காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் டெல்டாவின் எல்லாக் கடைகளிலும் முழுமையாக நடக்க வேண்டும், பொறுக்கிக் கொண்டுவருபவருக்கும் அந்த 10 ரூபாய் கேள்வியில்லாமல் கிடைக்க வேண்டும்.

சேகரிப்பவர்கள் தங்கள் பாட்டில்களை வைத்துக்கொள்ளட்டும். அவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. குடிகாரன் என்ற சொல்லை நம் தெருவுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார்களே, அதோடுதான் நம் சண்டை. ஊர்ப் படம் வரைந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.

ஜெய் பீம்.